480 வாட்-ஹவர் பேட்டரி உள்ள பவர் வீல்சேர்: விமானத்தில் ஏற்றுவார்களா? இன்சூரன்ஸில் எப்படிக் காட்டுவது?

கோடைமழை:
அண்ணனுக்கு முதுகுத்தண்டு பாதிப்பு, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மடக்குற பவர் வீல்சேர், கழற்றக்கூடிய லித்தியம்-அயான் பேட்டரி ஒன்று. லேபிளில் 24 வோல்ட், 20 ஆம்பியர்-ஹவர் என்று மட்டும் இருக்கு. வெளிநாட்டுப் பயணம், நடுவில் வேறு ஏர்லைனுக்கு மாறணும். இந்த பேட்டரியை ஏற்றுவாங்களா? இன்சூரன்ஸ் படிவத்தில் 'ஏற்கெனவே உள்ள நோய்' கட்டத்தில் என்ன எழுதுறது, இது நோய் இல்லையே? சேர் உடைந்தால் பணம் யார் தருவாங்க?

மின்கலம்:
வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்குங்க: 24 × 20 = 480 வாட்-ஹவர். சேரிலிருந்து கழற்றிக் கொண்டுவரும் பேட்டரிக்கு ஐயாட்டா (சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம்) விதிப்படி உச்சவரம்பு 300 வாட்-ஹவர். இரண்டு பேட்டரியில் ஓடும் சேர் என்றால் ஒவ்வொன்றும் 160. ஆக, கழற்றினால் உங்க பேட்டரி போகாது. கழற்றாமல் சேரிலேயே உறைக்குள் இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் இந்த வரம்பு கிடையாது. ஆனால் மடக்கு சேர் என்றாலே கழற்றச் சொல்லும் ஏர்லைன்கள் உண்டு. மெயிலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைச்சுக்குங்க.

சின்ன பேட்டரி வாங்குவதாக இருந்தால் ஒரு கண்ணி இருக்கு. 24 × 12 = 288 என்று கணக்குப் போட்டு வாங்கிடாதீங்க. உள்ளே 3.6 வோல்ட் செல் ஏழு தொடராக இருந்தால் மொத்தம் 25.2 வோல்ட், அதை 12-ஆல் பெருக்கினால் 302.4. லேபிளில் அப்படி அச்சிட்டிருந்தால் செக்-இன்னிலேயே நிறுத்திடுவாங்க. 10 ஆம்பியர்-ஹவர் எடுத்தால் கவலை இல்லை. வாட்-ஹவர் எண் பேட்டரி மேலேயே அச்சிட்டிருக்கணும், சேர் தயாரிப்பாளரும் அந்த பேட்டரியை ஏற்கணும். கழற்றிய பேட்டரி முனைகளில் டேப் ஒட்டி, தனி உறையில், கேபினில்தான் வரணும். செக்-இன் லக்கேஜில் போடவே கூடாது.

வழித்துணை:
சகோ, நோயா இல்லையா என்ற வாதமே வேண்டாம். அந்தக் கட்டத்தில் முதுகுத்தண்டு பாதிப்பை எழுதுங்க. சிறுநீர்த் தொற்று, படுக்கைப்புண் முன்பு வந்திருந்தால் அதையும், சாப்பிடும் மருந்துகளையும் விடாமல் எழுதுங்க. க்ளைம் பெரும்பாலும் அடிபடுவது இங்கேதான்: தொற்றுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பாங்க, 'மறைத்த நோயோடு தொடர்புடையது' என்று கம்பெனி கைவிரிச்சிடும். அறிவித்த நோய்க்கும் கவரேஜ் உண்டு என்று பாலிசியில் எழுத்தில் இருக்கணும்; அறிவிப்பதும் கவரேஜும் ஒன்றில்லை.

டிக்கெட் எடுத்ததுமே பாலிசி எடுங்க. கிளம்பும் முன் உடம்பு முடியாமல் ரத்து செய்தால் அப்போதான் உதவும். துணைக்குப் போறவரும் அதே பாலிசியில் இருக்கட்டும்.

சேர் விஷயம். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி ஒரு பயணியின் லக்கேஜுக்கு ஏர்லைன் பொறுப்பு 1,519 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப். நிர்ணயிக்கும் கணக்கு அலகு) வரைதான் (2024 டிசம்பர் 28 முதல்). பவர் சேருக்கு இது பல நேரம் போதாது. செக்-இன் செய்யும்போதே சேரின் மதிப்பை எழுதிக் கொடுத்து 'சிறப்பு அறிவிப்பு' கேட்டால் வரம்பு உயரும். கூடுதல் கட்டணம் கேட்கலாம். இன்சூரன்ஸில் மொத்த லக்கேஜ் தொகையைப் பார்த்து ஏமாறாதீங்க, 'ஒரு பொருளுக்கு உச்சம்' என்ற வரியைத் தேடுங்க. சேரைத் தனியாகச் சேர்க்க முடியுமா, உடைந்தால் வாடகை சேருக்குப் பணம் உண்டா என்றும் கேளுங்க.

கோடைமழை:
ரொம்ப நன்றி. ஏர்லைனுக்கு மெயிலில் என்னென்ன எழுதணும்?

மின்கலம்:
மடக்கிய நிலையில் நீளம், அகலம், உயரம், எடை, பேட்டரி வகை, வாட்-ஹவர். இரண்டு ஏர்லைனுக்கும் தனித்தனியாக, குறைந்தது 48 மணி நேரம் முன்னாடி. பேட்டரி அனுமதிக்கு இன்னும் சீக்கிரமே. உதவிக் குறியீடு டபிள்யூ-சி-எச்-சி (நடக்கவே முடியாதவர், சீட் வரை உதவி வேணும்) என்று கேளுங்க. டபிள்யூ-சி-எச்-ஆர் என்று போட்டுட்டால் படி ஏறுவார், சீட் வரை நடப்பார் என்று அர்த்தம். சீட் வரை கொண்டுபோகும் ஒடுக்கமான ஐல் சேர் வராமல் போகலாம்.

ஜாய்ஸ்டிக், குஷன், கழன்று விழக்கூடிய எதையும் கேபினுக்கு எடுத்துக்குங்க. மோட்டாரைத் தள்ளும் நிலைக்கு மாற்றும் லீவர் எங்கே, எங்கே பிடித்துத் தூக்கணும் என்று படத்தோடு ஒரு தாள் அச்சடிச்சு சேரில் கட்டுங்க. ஒப்படைக்கும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்க.

வழித்துணை:
இறங்கியதும் சேரை ஓட்டிப் பார்க்காமல் வெளியே வராதீங்க. சேதம் இருந்தால் அங்கேயே பி.ஐ.ஆர். (லக்கேஜ் சேதத்துக்கு விமான நிலையத்தில் எழுதித் தரும் அறிக்கை) புகார் பதிவு செய்து நகல் வாங்குங்க. அது போக, 7 நாளுக்குள் ஏர்லைனுக்கு எழுத்துப்பூர்வப் புகாரும் போகணும். நாள் தாண்டினால் கேட்கும் உரிமையே போயிடும்.