புரூஜுக்கு அரை நாள் போதுமா?

மாடத்தெரு:
அடுத்த மாதம் அம்மாவுடன் பெல்ஜியம் போகிறேன். ப்ரஸ்ஸல்ஸில் தங்கி, புரூஜுக்குக் காலையில் ரயிலேறி மதியத்துக்கு மேல் திரும்பிவிடலாம் என்று நினைப்பு. போதுமா? அம்மாவுக்கு 66 வயது, மூட்டுவலி உண்டு.

நடைவண்டி:
தாராளமாகப் போதும். ரயிலில் ஒரு மணி நேரம்தான். மார்க்ட் சதுக்கம், பக்கத்திலேயே பர்க் சதுக்கம், கால்வாயில் படகு, பெகைன்கள் என்ற, துறவிகள் போல் கூடி வாழ்ந்த பெண்களின் வெள்ளை வீடுகள், எல்லாமே நடக்கிற தூரம். மணிக்கூண்டில் 366 படிகள், மேலே போகப் போகக் குறுகும். அம்மாவை ஏற்ற வேண்டாம். அங்குள்ள 47 மணிகளின் இசை கீழே சதுக்கத்திலேயே நன்றாகக் கேட்கும். மீதி நாளை கென்ட் நகருக்குக் கொடுங்கள், அதே ரயில் பாதைதான். 1432இல் முடிந்த, வான் ஐக் என்ற ஓவியச் சகோதரர்களின் பலிபீட ஓவியம் அங்கே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வரக் கூடாது.

கழிமுகம்:
நண்பர் சொன்ன இடங்களில் குறையில்லை. ஆனால் அதோடு திரும்பினால் ஊரின் கதை கைக்கு வராது. 1134இல் கடல் வெள்ளம் கரையை உடைத்து ஸ்வின் என்ற கழியை உண்டாக்கியது. அந்த வழியாகத்தான் இங்கிலாந்துக் கம்பளியும் இத்தாலிய வணிகர்களின் கப்பல்களும் வந்தன. பங்குச் சந்தைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் 'பூர்ஸ்' என்ற பெயரே இந்த ஊரின் ஒரு சத்திரக் குடும்பத்தின் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அப்புறம் கழி தூர்ந்துபோனது, வணிகம் ஆண்ட்வெர்ப்புக்குப் போய்விட்டது. இடித்துக் கட்டக் காசில்லாமல்தான் பழைய வீடுகள் தப்பின.

இது கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி டாமெ போக வேண்டும். புரூஜின் வெளித்துறைமுகமாக இருந்த ஊர், இன்று சின்னக் கிராமம். அங்கே மாதா கோவிலின் கோபுரம் ஒரு பக்கம், கோவில் ஒரு பக்கம் நிற்கும். ஊர் சுருங்கியதும் 1725இல் நடுப்பகுதியை இடித்துவிட்டார்கள். அந்த இடைவெளியில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

நடைவண்டி:
காசில்லாமல் அப்படியே தப்பியது என்பது பாதிக் கதை. மார்க்டில் எல்லோரும் படமெடுக்கும் மாகாண மாளிகை 1887இல் கட்டத் தொடங்கியது. இடைக்காலத்துப் பாலம் என்று நம்பி நின்று ரசிக்கும் போனிஃபாசியஸ் பாலம் 1910இல் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய பாணியிலேயே நிறையக் கட்டினார்கள், புதுப்பித்தார்கள். அழகுக்குக் குறைவில்லை, அதை அரை நாளில் ரசிக்கலாம் என்கிறேன். லீவு எத்தனை நாள் கிடைக்கிறது நமக்கு?

கழிமுகம்:
பாலம் பற்றிச் சொன்னது சரி. நானும் முதல் தடவை ஏமாந்தேன். அதனால்தான் புனித யோவான் மருத்துவமனையை வற்புறுத்துகிறேன். 12ஆம் நூற்றாண்டில் தொடங்கிய இடம், இப்போது அருங்காட்சியகம். ஹான்ஸ் மெம்லிங் அந்த மருத்துவமனைக்கென்றே வரைந்த ஓவியங்கள் இன்றும் அங்கேயே இருக்கின்றன. புனித உர்சுலாவின் நினைவுப் பொருள்களை வைக்க அவர் ஓவியம் தீட்டிய 1489ஆம் ஆண்டுப் பேழை ஒரு சின்ன வீடு மாதிரி இருக்கும், சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். எதிரே உள்ள மாதா கோவிலில் மைக்கேலேஞ்சலோ செதுக்கிய மாதா. அம்மாவால் இரண்டையும் ஓடி ஓடிப் பார்க்க முடியாது. ஓர் இரவு தங்குங்கள். ஸேப்ரூக துறைமுகத்திலிருந்து வரும் கப்பல் கூட்டமும் பேருந்துக் கூட்டமும் சாயங்காலம் கலைந்த பிறகு கால்வாயோரம் அவ்வளவு அமைதி.

நடைவண்டி:
மருத்துவமனையை ஒப்புக்கொள்கிறேன். இரவுத் தங்கலை அல்ல. மூட்டுவலிக்காரருக்குக் கல் பாவிய தெருவில் பெட்டியோடு நடப்பது கொடுமை. என் மாமியாரோடு போய் அனுபவப்பட்டேன்.

மாடத்தெரு:
இருவருக்கும் நன்றி. பெரிய பெட்டிகளை ப்ரஸ்ஸல்ஸ் விடுதியிலேயே வைத்துவிட்டு, கைப்பையோடு ஓர் இரவு தங்குகிறோம். கென்ட் இந்த முறை இல்லை. நடைவண்டி அண்ணா, கோபிக்காதீர்கள். அம்மாவிடம் அந்தப் பிளவுபட்ட கோவிலைப் பற்றிச் சொன்னேன், அங்கேதான் முதலில் போக வேண்டும் என்கிறார்.