எக்கோஸ்: நடுவில் வரும் அந்த 4 நிமிடம் தேவையா?

கிடார்கிறுக்கன்:
பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் 'எக்கோஸ்' (1971, 'மெடில்' தொகுப்பு) என்றால் எல்லாரும் கையெடுத்துக் கும்பிடுகிறீர்கள். 23 நிமிடப் பாட்டில் 11லிருந்து 15ஆவது நிமிடம் வரை என்ன இருக்கிறது? காற்றுச் சத்தம், காக்கைக் கூட்டம், யாரோ கழுத்தை நெரித்தது போல ஒரு கிடார். இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தை நிரப்ப வேண்டியிருந்தது, நிரப்பினார்கள். வெட்டிவிட்டால் பாட்டு பிழைக்கும்.

இசைத்தட்டுப்பித்தன்:
அந்தக் கிடார் எப்படிக் கத்துகிறது என்று யோசித்தீர்களா நண்பரே? குழுவின் கிடார் கலைஞர் கில்மோரின் வா-வா பெடலில் (காலால் மிதித்துக் கிடாரின் ஒலியை மாற்றும் கருவி) உள்ளே போகிற ஒயரையும் வெளியே வருகிற ஒயரையும் மாற்றிச் செருகியதால் வந்த சத்தம் அது. தந்தியைத் தொடவே வேண்டாம். கிடாரின் டோன் குமிழைத் திருகினாலே கத்தலின் சுருதி ஏறி இறங்கும். அதை அடக்கி ஆளக் கற்றுக்கொண்டு மேடையிலும் வாசித்தார். பக்கத்தை நிரப்புகிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

கிடார்கிறுக்கன்:
நானும் அதைத்தானே சொல்கிறேன், எல்லாமே தற்செயல்! 1971 ஜனவரியில் கையில் ஒரு பாட்டும் இல்லாமல் லண்டனின் அபே ரோட் ஸ்டூடியோவுக்குள் போனார்கள். தோன்றியதை வாசித்து, அந்தத் துண்டுகளுக்கு 'நத்திங்ஸ்' (ஒன்றுமில்லாதவை) என்று பெயர் போட்டு வைத்தார்கள். அப்புறம் ஒட்டினார்கள். ஒட்டு தெரிகிறது.

வெள்ளைக்கட்டை:
தற்செயலைக் கண்டுகொள்வதும் திறமைதான் சார். தொடக்கத்தில் வரும் அந்த ஒற்றை 'டிங்'கை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவின் கீபோர்டு கலைஞர் ரிக் ரைட் பியானோவின் ஒரு ஸ்வரத்தை லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக விட்டார். ஸ்பீக்கருக்குள் சுழலும் பாகம் அந்த ஒலிக்கு ஒரு நடுக்கம் கொடுக்கிறது. பிறகு ஸ்டூடியோவில் எவ்வளவு முயன்றும் அதே அதிர்வு வரவில்லை. முதலில் செய்த மாதிரிப் பதிவையே பாட்டோடு இணைத்தார்கள். சும்மா ஒட்டுகிறவர்கள் ஒரு ஸ்வரத்துக்காக இப்படி அலைவார்களா?

நடுப்பகுதிக்கு வருகிறேன். 7ஆவது நிமிடம் தொட்டு டிரம்ஸும் பேஸும் தாளம் போட்டு ஆட்டுகின்றன. அதெல்லாம் அடங்கி, பிடித்துக்கொள்ள எதுவுமே இல்லாத அந்த 4 நிமிடம். அதைக் கடந்த பிறகுதான் ஆர்கன் மெதுவாக ஏறுகிறது, 'டிங்' திரும்பி வருகிறது. நீங்கள் சொல்கிறபடி வெட்டினால் அது எங்கிருந்து திரும்பி வரும்?

கிடார்கிறுக்கன்:
இத்தாலியின் பண்டைய நகரமான பாம்பேயியில் ஆளில்லாத பழைய அரங்கில் எடுத்த படத்தில் இதே பாட்டை இரண்டாக வெட்டினார்களே, அப்போது எங்கே போனது உங்கள் வாதம்?

இசைத்தட்டுப்பித்தன்:
வெட்டவில்லை, பிரித்தார். இயக்குநர் ஏட்ரியன் மேபன் முதல் பாதியைப் படத்தின் தொடக்கத்திலும் மறு பாதியைக் கடைசியிலும் வைத்தார். நீங்கள் தூக்கி எறியச் சொல்கிற பகுதியும் அதில் இருக்கிறது.



வெள்ளைக்கட்டை:
கில்மோர் 2006 பயணத்தில் ரைட்டோடு இதை வாசித்தார். 2008இல் ரைட் இறந்தபின் வாசிப்பதை நிறுத்திவிட்டார். 2016இல் அதே பாம்பேயியில், இந்த முறை கூட்டத்துக்கு முன்னால், மேடை ஏறியபோதும் இல்லை. ஆள் போட்டு நிரப்பக்கூடிய பாட்டாக அவருக்கே தோன்றவில்லை.

கிடார்கிறுக்கன்:
ரைட் விஷயத்தில் மறுப்பே இல்லை மேடம். அவரும் கில்மோரும் சேர்ந்து பாடும் இடத்துக்காகவே இந்தப் பாட்டை வைத்திருக்கிறேன். ஆனால் காக்கை வந்ததும் என் விரல் தானாகவே பாட்டை முன்னே ஓட்டும் பொத்தானுக்குத்தான் போகும். நாளைக்கு இதே குழுவின் 'ஆட்டம் ஹார்ட் மதர்' தொகுப்பைப் பற்றித் திரி தொடங்குகிறேன், அங்கே வாருங்கள்.