தோட்டா மேல் டபிள்யூடி-40 அடிக்கலாமா?

காங்கேயத்தான்: நேற்று ஒரு புண்ணியவான் இங்கே எழுதியிருக்கிறார்: 'பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கிக்கு டபிள்யூடி-40 ஸ்பிரே ஒன்றே போதும், தோட்டா மேலும் லேசாக அடித்து வைத்தால் பித்தளையில் களிம்பு ஏறாது.' ஏனுங்க, இண்டு இடுக்கில் புகுந்து ஈரத்தை விரட்டவென்றே 1953இல் செய்த சரக்கு அது. தோட்டாவின் அடியில், துப்பாக்கி ஊசி அடித்ததும் பொறி விடும் கேப் உட்கார்ந்திருக்கும் இடுக்கை மட்டும் விட்டுவிடுமா? எண்ணெய் உள்ளே இறங்கினால் மருந்து நமத்துப்போகும். பன்றி எதிரே வரும்போது 'டிக்' என்று சத்தம் மட்டும்தான் வரும்.

பொள்ளாச்சி மைனர்: அந்தப் புண்ணியவான் நான்தானுங்க, பெயர் சொல்லியே திட்டலாம். அப்பாரு காலத்து இரட்டைக்குழல். போன பொங்கலுக்கு அடித்து வைத்த தோட்டா இந்த ஆடியில் வெடித்தது.

காங்கேயத்தான்: ஒன்று வெடித்தால் பெட்டி முழுக்க வெடிக்குமா? ராணுவத் தோட்டாவில் கேப்பைச் சுற்றி அரக்கு மாதிரி பூசி அடைத்திருப்பார்கள். நாம் கடையில் வாங்குவதில் பெரும்பாலும் அது கிடையாது.

பொள்ளாச்சி மைனர்: வெடித்ததுங்க.

ஈரோடு வக்கீல்: அதிருக்கட்டும், பன்றியைச் சுட யார் அனுமதி கொடுத்தது? 1972 வனவிலங்குச் சட்டம் காங்கேயத்துக்கு வரவில்லையா?

காங்கேயத்தான்: எதிரே வரும் என்றேன், சுட்டேன் என்றேனா? கோர்ட்டில் வாய்தா வாங்குவதை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்டுப்பாளையத்தார்: எதற்கு இந்த டப்பாவெல்லாம்? செக்குத் தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டால் போதும்.

காங்கேயத்தான்: எண்ணெய் ஊர்க்காரன் சொல்கிறேன், கேளுங்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியலில் உங்கள் ஊரில் எவ்வளவு? விசைக்குள் உறைந்தால் ஊசி சோம்பிக்கொண்டுதான் அடிக்கும். நாள்பட்டால் பிசினாகிப் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெயை மெல்லிசாகத் தடவி, துணியால் துடைத்துவிட வேண்டும். தோட்டாவுக்கு எதுவுமே வேண்டாம், காய்ந்த இடத்தில் வைத்தால் போதும். பித்தளை பாலிஷ் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்! அதில் அமோனியா இருந்தால் பித்தளை விரிசல் விடும்.

மேட்டுப்பாளையத்தார்: புல்லட் பைக் இன்ஜின் ஆயில் பேச்சிலும் இதே வாத்தியார்த்தனம்தான். காங்கேயத்தில் இருந்துகொண்டு தேங்காய் எண்ணெயைப் பழிக்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

பொள்ளாச்சி மைனர்: அண்ணா, தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்த உங்கள் துப்பாக்கி துருவோடு வந்தபோது, எங்கள் வீட்டு டபிள்யூடி-40ஐத்தானே கேட்டு வாங்கினீர்கள்?

காங்கேயத்தான்: குழலுக்கு வாங்கினேன் தம்பி, குழலுக்கு! தோட்டாவுக்கு அல்ல. எண்ணெயே இல்லாத டப்பாவைக் கொடுத்துவிட்டு இதில் சொல்லிக்காட்டல் வேறு.

பொள்ளாச்சி மைனர்: பாதி டப்பா இருந்ததுங்க.