ஆபரேஷன் தியேட்டர் ஏசிய ராத்திரி ஆஃப் பண்ணலாமா?

கேள்வி (மார்த்தாண்டம்):
சின்ன ஆஸ்பத்திரில மெயின்டனன்ஸ் பாக்கேன். நம்ம ஊர்ல ரெண்டு மழையும் பெய்யும், ஈரப்பதம் சொல்லவே வேண்டாம், கரண்ட் பில்லும் ஏறிட்டே போகுது, அதனால ராத்திரி தியேட்டர் ஏசிய மொத்தமா ஆஃப் பண்ணச் சொல்றாங்க, எனக்கு பயமா இருக்கு. சென்சார் வச்சு ஏதாவது பண்ண முடியுமா?

பதில் (நாகர்கோவில்):
அண்ணே ஆஃப் பண்ண விடாதீங்க. தியேட்டர் உள்ள காத்தழுத்தம் வெளிய விட கூடுதலா இருக்கணும், இல்லேன்னா வராண்டா தூசி, கிருமி எல்லாம் உள்ள வந்துரும், ஈரம் ஏறி பூஞ்சையும் பிடிக்கும். ஏஹெச்யூ (காத்த குளிர வச்சு வடிகட்டி தியேட்டருக்கு அனுப்புற மெஷின்) ஃபேனுக்கு விஎஃப்டி (மோட்டார் வேகத்த கூட்டிக் குறைக்கிற கருவி) போட்டு ராத்திரி வேகத்த குறைங்க, 20% குறைச்சாலே ஃபேன் இழுக்குற கரண்ட் கிட்டத்தட்ட பாதியாயிரும். ஆபரேஷன் நேரத்துல மட்டும் மணிக்கு 20 தடவ காத்து மாறணும், அதுல கை வைக்காதீங்க.

பதில் (தக்கலை):
அதே தான். அழுத்தத்துக்கும் ஈரப்பதத்துக்கும் சென்சார் மாட்டி பிஎம்எஸ்ல (கட்டடத்து ஏசி, கரண்ட் எல்லாத்தையும் ஒரே இடத்துல கண்காணிக்கிற சிஸ்டம்) சேருங்க, அலாரம் நர்ஸ் ஸ்டேஷன்லயும் அடிக்கணும், ராத்திரி முழிச்சிருக்கது அவங்கதான். டிபி நோயாளி ரூமுக்கு நேர் எதிர், அங்க அழுத்தம் கம்மியா இருக்கணும், ரெண்டுக்கும் ஒரே செட்டிங் போட்றாதீங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும்போது விஎஃப்டி தானா ஓடுமா?

பதில் (தக்கலை):
ஆட்டோ ரீஸ்டார்ட் செட் பண்ணா ஓடும். ஆபரேஷன் இல்லாத நாள் பாத்து மெயின ஆஃப் பண்ணி டெஸ்ட் பண்ணிருங்க.