புதிய ஆதரவுப் பணியாளர்களுக்கான ஆன்லைன் பயிற்சி: பேசிப் பழகும் நேரத்தை வெட்டாதீர்கள்

குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் துணை நிற்க வரும் புதியவர்களுக்காக ஆன்லைன் பயிற்சி தயாரிக்கும் குழுவில் இருக்கிறேன். சட்டம், ரகசியம் காப்பது, 1984-ல் அமெரிக்காவின் டுலூத் நகரில் உருவான 'அதிகாரமும் கட்டுப்பாடும்' சக்கரம் (துன்புறுத்துபவர் மற்றவரைக் கட்டுப்படுத்தும் வழிகளைக் காட்டும் வட்டப் படம்) எல்லாம் வீடியோவிலேயே நன்றாகப் போய்ச் சேர்கின்றன. கழுத்தை நெரிப்பது பற்றிய பாடத்தைப் பலர் திரும்பப் பார்க்கிறார்கள். பல சமயம் வெளியே காயமே தெரியாது; ஆனால் அது நடந்த வீட்டில் பின்னால் கொலை வரை போகும் ஆபத்து பல மடங்கு அதிகம். குரல் கம்முகிறது, விழுங்க முடியவில்லை என்று சொன்னால் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

பாதிக்கப்பட்டவரிடம் எப்படிப் பேசுவது என்பது மட்டும் வீடியோ பார்த்து வராது. ஒரு நேரலை வகுப்பில் பாதிக்கப்பட்டவராக நடித்த மூத்த பணியாளர், "அவர்கிட்டயே திரும்பிப் போயிடலாம்னு இருக்கேன்" என்றார். பாடத் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் சரியாக பதில் எழுதிய புதியவர், "ஐயோ, போகாதீங்க அக்கா!" என்று பதறிவிட்டார். நிறுத்தி, நடித்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டோம். "வீட்லயும் ஒருத்தர் உத்தரவு போடுறார், இங்கேயும் அதேதானான்னு தோணுச்சு" என்றார். மறுபடி முயன்றபோது அதே புதியவர் கொஞ்சம் பொறுத்து, "இப்போ எதை நினைச்சா அதிகம் பயமா இருக்கு?" என்று கேட்டார். பணம், பிள்ளைகள், பிரிந்துபோனால் அவர் என்ன செய்வாரோ என்ற பயம் எல்லாம் அப்புறம்தான் வெளியே வந்தன. பிரியும் நேரம்தான் பல சமயம் மிக ஆபத்தானது. அதனால் பாதுகாப்புத் திட்டம் அந்தப் பயத்தைக் கேட்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். செலவு குறைக்க இந்த நேரலை வகுப்பை வெட்டச் சொல்பவர்களிடம் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இன்னொன்று, பயிற்சிக்கு வருபவரின் வீடும் பாதுகாப்பாக இல்லாமல் இருக்கலாம். ஒருவர் சாட்டில் "ஆள் வந்தாச்சு" என்று மட்டும் எழுதிவிட்டு வெளியேறினார். நாங்கள் போன் செய்யவில்லை. செய்தால் யார் எடுப்பார்கள் என்று தெரியாதே. பதிவின்போது அவர் குறித்துக் கொடுத்த நேரத்தில், அவர் சொன்ன வழியில் மட்டும் தொடர்புகொண்டோம். பாதுகாப்பான வழியும் நேரமும் எது என்பதுதான் எங்கள் படிவத்தின் முதல் கேள்வி. மின்னஞ்சல் தலைப்பில் வன்முறை என்ற சொல் வராது. கேமராவும் கட்டாயமில்லை.

அதில்தான் ஒரு சிக்கல். முகம் தெரியாதபோது, எதிரே இருப்பவர் பொறுமையாகக் காத்திருக்கிறாரா, லைன் போய்விட்டதா என்று தெரிவதில்லை. இதை உங்கள் வகுப்பில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?