குன்னூர்: மூன்று கணினிக்கு எந்த லைசென்ஸ்?

வணக்கம். வீட்டில் இரண்டு லேப்டாப், ஒரு டெஸ்க்டாப். டெஸ்க்டாப்பில் மதர்போர்டு மாற்றியதும் விண்டோஸ் 11 ஆக்டிவேஷன் போய்விட்டது. உரிம வகையைக் காட்டும் ‘எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ’ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் ஓஇஎம் என்று காட்டுகிறது. அது கணினியோடு சேர்ந்து வந்த, பழைய போர்டோடு பிணைந்த உரிமம். தனியாக வாங்கும் ரீட்டெய்ல் உரிமம் என்றால் வேறு கணினிக்கு மாற்றலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான். அடிமாட்டு விலைக்கு வரும், நிறுவனங்களுக்கான வால்யூம் கீயைத் தயவுசெய்து சொல்லாதீர்கள், பிறகு முடக்கிவிடுவார்கள்.

ஆஃபிஸில்தான் குழப்பம். ஒருமுறை வாங்கும் ஹோம் 2024 ஒரு கணினிக்கு மட்டுமே. மைக்ரோசாஃப்ட் 365 ஃபேமிலி சந்தா ஆறு பேருக்கு, ஆளுக்கு 1 டிபி ஆன்லைன் சேமிப்பிடம். ஆனால் ஆண்டுதோறும் பணம், மாதம் ஒருமுறையாவது நெட்டும் வேண்டும், இல்லாவிட்டால் கோப்பைப் படிக்கலாம், திருத்த முடியாது. மழைக்காலத்தில் நம் மலையில் இது எப்படி ஒத்துவருகிறது? பிள்ளைகளின் லேப்டாப்புக்கு இலவசமான லிப்ரே ஆஃபிஸே போதுமா? ஊட்டி, கோத்தகிரியில் பில்லோடு ரீட்டெய்ல் விண்டோஸ் கிடைக்கும் கடை தெரிந்தால் சொல்லுங்கள்.