புதுப்பிப்பு: எஸ்3 பட்டியல் 1000 கோப்புகளோடு நின்ற சிக்கல் தீர்ந்தது

அமேசானின் இணையச் சேமிப்பகமான எஸ்3-இல், என் பக்கெட்டில் (கோப்புகளை வைக்கும் கொள்கலனில்) நிறைய கோப்புகள் இருந்தும், என் பைத்தான் நிரலுக்கு முதல் 1000 மட்டுமே வருகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பேஜினேட்டரை (நீண்ட பட்டியலைப் பக்கம் பக்கமாக எடுத்துத் தரும் கருவியை) பயன்படுத்தச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. ஒரு கோரிக்கைக்கு எத்தனை கோப்புகள் வேண்டும் என்று சொல்லும் மேக்ஸ்கீஸ் மதிப்பை ஏற்றிப் பார்த்தேன், பலனில்லை. ஒரு கோரிக்கைக்கு 1000தான் உச்சவரம்பு. பைத்தானிலிருந்து எஸ்3-ஐ அணுக உதவும் நிரல் நூலகமான போட்டோ3-இல் கெட்_பேஜினேட்டரை அழைத்து, கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையான லிஸ்ட்_ஆப்ஜெக்ட்ஸ்_வி2-இன் பெயரைக் கொடுத்து, பேஜினேட் தரும் பக்கங்களை ஒரு லூப்பில் ஓட்டினேன். அடுத்த பக்கத்துக்கான டோக்கனை (எங்கிருந்து தொடர வேண்டும் என்ற குறியை) பேஜினேட்டரே அனுப்பிக்கொள்கிறது. முழுப் பட்டியலும் வந்துவிட்டது.

அப்புறம், எதிர்பாராத ஒன்று: டிலிமிட்டர் (கோப்புறை வாரியாகப் பிரிக்கும் குறி) கொடுத்து ஓட்டியபோது கீஎரர் (கேட்ட சாவி இல்லை என்ற பிழை) வந்தது. துணைக் கோப்புறைகள் மட்டுமே உள்ள பக்கத்தில் கோப்புகளின் பட்டியலைத் தரும் கன்டென்ட்ஸ் என்ற சாவியே இருக்காது. அதை பைத்தானின் கெட் முறை மூலம் எடுத்து, இல்லாவிட்டால் வெற்றுப் பட்டியல் என்று வைத்ததும் சரியானது.